ஒரே நீர், ஒரே உரம், எட்டு வகைப் பூ: மதுரைப் புறநகர் வீட்டுத் தோட்டம் ஒன்றின் பதினெட்டு மாதப் பதிவு

பின்னணி

மதுரையின் தெற்குப் புறநகரில் உள்ள ஒரு வீட்டின் பூந்தோட்டத்தை 2022 நவம்பர் முதல் 2024 ஏப்ரல் வரை தொடர்ந்து பார்த்து எழுதிய குறிப்பு இது. வீட்டின் முன்னும் பக்கவாட்டிலுமாக ஏறத்தாழ ஒன்றரை சென்ட் மண்தரை இருக்கிறது. அதில் ஏழு குண்டுமல்லிப் புதர்கள், சுவரில் படர்ந்த ஒரு பிச்சிக் கொடி, ஒரு பாத்தி கனகாம்பரம், இரண்டு செம்பருத்தி, ஒரு நந்தியாவட்டை, ஒரு பவளமல்லி, வேலியோரம் டிசம்பர் பூ ஆகியவை இருந்தன. இவை தவிர எட்டுத் தொட்டிகளில் சாமந்தி இருந்தது. எழுபதைக் கடந்த மூதாட்டி ஒருவர்தான் முப்பது ஆண்டுகளாக இந்தத் தோட்டத்தைப் பார்த்து வருகிறார். பள்ளி ஆசிரியையான அவருடைய மருமகள் என்னை அழைத்தார்.

அவர் சொன்ன குறை ஒன்றுதான். ஒரு காலத்தில் சித்திரை மாதத்தில் அக்கம்பக்கத்தாருக்கும் கொடுத்தது போக மிஞ்சும் அளவுக்குப் பூத்த மல்லிகை, கடந்த மூன்று ஆண்டுகளாகச் சாமி படத்துக்குக்கூட எண்ணிப் பறிக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டது. மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு 2013இல் கிடைத்தது. அந்த மல்லிக்குப் பேர்போன மண்ணில், முன்பு நன்றாகப் பூத்த அதே செடி பூக்காமல் நிற்பதை அந்த வீட்டார் ஒரு பெரிய குறையாகவே எண்ணினார்கள். அவர்கள் கவனிக்காமல் விட்டதால் இது நேரவில்லை. நாள் தவறாமல் காலை ஆறு மணிக்கு எல்லாச் செடிகளுக்கும் குழாய் பிடித்து நீர் விடுவதும், வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை கடலைப்புண்ணாக்குக் கரைசல் ஊற்றுவதும் ஆண்டு முழுவதும் நடந்து வந்தன.

முதல் பார்வை: 2022 நவம்பர்

கார்த்திகை முதல் வாரத்தில் சென்றேன். மல்லிகைப் புதர்கள் என் தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்தன. வெளியே பசுமையாகத் தெரிந்த புதரை விலக்கிப் பார்த்தபோது உள்ளே முழுவதும் இலையற்ற பழைய குச்சிகள்; பல காய்ந்தே போயிருந்தன. குண்டுமல்லி புதுத் துளிரின் நுனியில் அரும்பு வைக்கும் செடி. பழைய குச்சி எவ்வளவு தடித்திருந்தாலும் அதிலிருந்து புதுக்கிளை வெடிக்காவிட்டால் பூ இல்லை. கடைசியாக எப்போது கவாத்து செய்தீர்கள், அதாவது கிளைகளை வெட்டிவிட்டீர்கள் என்று கேட்டதற்கு, மூதாட்டியின் கணவர் இருந்த காலத்தில் அவர் வெட்டுவார் என்றும், அவர் காலமாகி ஐந்தாறு ஆண்டுகள் ஆகின்றன என்றும் பதில் கிடைத்தது. பூக் குறைந்த காலக்கணக்குக்கு அது பெரும்பாலும் பொருந்தியது.

இளம் இலைகள் மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றன. முதிர்ந்த இலைகளில் மஞ்சள் இல்லை. தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவாக இருந்தால் முதிர்ந்த இலைதான் முதலில் மஞ்சளிக்கும் என்பதால், இது இரும்புச்சத்துக் குறைவு என்று கொண்டேன். வீட்டில் துணி துவைத்த நீர் சிறு வாய்க்கால் வழியாக மல்லிகைப் பாத்திக்கே வந்துகொண்டிருந்தது. ஆழ்துளைக் கிணற்று நீரும் உப்புத்தன்மை உடையது; பாத்தியின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மண் பரிசோதனையில் கார அமில நிலை (pH) 8.3 என்று வந்தது. இவ்வளவு காரமான மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது.

சாமந்தி வேறொரு புதிராக நின்றது. எட்டுத் தொட்டிகளிலும் ஒரே தாய்ச்செடியிலிருந்து எடுத்த கன்றுகள், ஒரே மண்கலவை. பின்புறம் துவைக்கும் கல்லருகே இருந்த நான்கும் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கின. முகப்பில் வரிசையாக வைத்திருந்த நான்கில் ஓர் அரும்புகூட இல்லை. முழங்காலுக்கு மேல் வளர்ந்து இலையாகவே நின்றன. முகப்புச் செடிகளுக்கு உரம் போதவில்லை என்று எண்ணி அவற்றுக்கு மட்டும் இரட்டிப்பாகப் புண்ணாக்குக் கரைசல் கொடுத்து வந்திருந்தார்கள். நான் அன்று அந்தி சாயும்வரை இருக்க நேர்ந்ததால்தான் காரணம் புலப்பட்டது. ஆறரை மணிக்கு முகப்பில் ஒரு எல்.இ.டி. விளக்குத் தானாக எரிந்தது. தொட்டிகளின் நிழல் தரையில் தெளிவாக விழும் அளவுக்கு வெளிச்சம். தெருவில் ஒரு திருட்டு நடந்த பிறகு, முந்தைய ஆண்டு பொருத்தியது; விடியும்வரை எரியும். சாமந்தி நீண்ட, இடைவிடாத இருட்டைக் கணக்கிட்டே அரும்பு வைக்கும் செடி. இரவெல்லாம் விளக்கடியில் நின்றால் அதற்கு இரவே வராது.

கவாத்து குறித்த முடிவு

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் குண்டுமல்லிக்குப் பரிந்துரைக்கும் கவாத்துக் காலம் நவம்பர் கடைசி வாரம். தரையிலிருந்து ஐம்பது சென்டிமீட்டர் உயரம் விட்டு வெட்ட வேண்டும். வடகிழக்குப் பருவமழையின் ஈரம் மண்ணில் இருக்கிறது, இரவு குளிர்ந்து செடியின் வளர்ச்சி மந்தமாகிறது, எப்படியும் மார்கழி, தை மாதங்களில் குண்டுமல்லி பூப்பது அரிது. அந்த நேரத்தில் வெட்டினால் பூவை இழப்பது குறைவு. புதுக்கிளை முதிர்வதும் மாசியில் வெயில் ஏறுவதும் ஒன்றாக வந்து சேரும்.

ஏழு புதரையும் வெட்டலாம் என்றேன். மூதாட்டிக்கு அது ஒப்பவில்லை. "பூக்கிற செடியில கத்தி வைக்கச் சொல்றீங்களே தம்பி, பட்டுப் போச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார். அவர் கணவர் வெட்டியதை மருமகள் நினைவூட்டியபோது, "அவுக கை வேற" என்றார். அந்தச் சொல்லுக்கு மேல் வாதாடுவது முறையல்ல என்று எனக்குத் தோன்றியது. செடி அவருடையது; பட்டுப்போனால் இழப்பும் அவருடையது. ஆகவே மூன்று புதர்களை மட்டும் வெட்டுவது, நான்கை அப்படியே விடுவது என்று முடிவானது. எந்த மூன்று என்பதை அவரே காட்டினார்: முருங்கை நிழலுக்கு அப்பால், தெற்கு ஓரத்தில் இருந்தவை. இந்தத் தேர்வின் விளைவைப் பின்னர் சொல்கிறேன்.

பத்து நாள் அந்த மூன்றுக்கும் நீரை நிறுத்தினோம். நவம்பர் 27ஆம் நாள் காலை, கூர்மையான கத்தரிக்கோலால், காய்ந்த குச்சிகளை அடியோடும் மற்றவற்றை முழங்கால் உயரத்திலும் வெட்டி, மிச்சமிருந்த இலைகளையும் உருவிவிட்டோம். தடித்த கிளைகளின் வெட்டுவாயில் பூஞ்சணக்கொல்லியான காப்பர் ஆக்சிகுளோரைடு பசை தடவினோம். பிறகு புதரைச் சுற்றி மண்ணைக் கிளறி, செடிக்குப் பத்து கிலோ மக்கிய தொழு உரம் இட்டோம். பல்கலைக்கழகப் பரிந்துரையில் ஒரு செடிக்கு ஆண்டுக்குத் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) 120 கிராம், சாம்பல்சத்து (பொட்டாசியம்) 120 கிராம் என்று இருக்கிறது. கவாத்துக்குப் பின் ஒரு பாதி, ஜூன், ஜூலையில் மறு பாதி. புண்ணாக்கு ஏற்கெனவே ஆண்டு முழுவதும் போயிருந்ததால் தழைச்சத்தை நிறுத்தி, மற்ற இரண்டில் முதற்பாதியை மட்டும் கொடுத்தோம்.

துணி துவைத்த நீரைப் பின்புற வாழைக்குத் திருப்பினோம். புதுத்துளிர் வந்தபின் மாதம் ஒருமுறை, ஒரு லிட்டர் நீருக்கு ஐந்து கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து மாலை வேளையில் இலையில் தெளிப்பது என்று வைத்துக்கொண்டோம். விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. அவர்களுக்கு அது பாதுகாப்பு. பூக்காத நான்கு சாமந்தித் தொட்டிகளைப் பின்புற இருட்டுக்கு மாற்றினோம். அவை தை மாதக் கடைசியில் பூத்தன. காலம் தப்பிய, சிறிய பூக்கள்தாம், என்றாலும் காரணம் விளக்குதான் என்பதில் எனக்கு ஐயம் குறைந்தது.

மாசி முதல் வைகாசி வரை

வெட்டிய புதர்கள் மூன்று வாரம் மொட்டைக் குச்சிகளாக நின்றன. அந்த நாட்களில் மூதாட்டி காலையில் முதலில் அவற்றைத்தான் போய்ப் பார்ப்பார் என்று மருமகள் எழுதியிருக்கிறார். மார்கழி நடுவில் கணுக்களில் செம்பச்சை நிறத்தில் முளை வெடித்தது. மாசி இரண்டாம் வாரத்தில் முதல் அரும்பு தெரிந்தது.

மருமகள் ஒரு குறிப்பேட்டில் அளவு எழுதிவந்தார். எடை பார்க்கவில்லை, மூதாட்டி தொடுக்கும் நெருக்கத்தில் எத்தனை முழம் வந்தது என்பதே அளவு. பூப் புழங்கும் வீட்டில் இதைவிடப் பொருத்தமான அளவு இல்லை என்பது என் கருத்து. சித்திரை இரண்டாம் வாரத்தில் வெட்டிய மூன்று புதர்களிலிருந்து நாளொன்றுக்குச் சராசரியாக இரண்டரை முழமும், வெட்டாத நான்கிலிருந்து முக்கால் முழமும் கிடைத்தன. அரும்பின் பருமனிலும் வேறுபாடு இருந்தது. வெட்டிய புதரின் அரும்பு காம்பு நீண்டு தொடுப்பதற்கு வாகாக இருந்ததை மூதாட்டியே சொன்னார்.

வைகாசியில் வெயில் உச்சத்தில் இருந்தபோது வெட்டாத புதர்களின் அடியிலைகளில் சிலந்திப்பேன் கண்டது. இலையின் அடிப்புறத்தில் மெல்லிய நூலாம்படையும் மேற்புறத்தில் ஊசி குத்தியது போன்ற வெளிர்ப் புள்ளிகளும் இருந்தன. காலையில் இலையின் அடிப்புறம் படும்படி வேகமாக நீரடித்ததிலேயே அது அடங்கியது, மருந்து தேவைப்படவில்லை.

கனகாம்பரம்

ஆனி மாதத்தில் கனகாம்பரப் பாத்தியில் செடிகள் ஒவ்வொன்றாக வாடின. பிடுங்கிப் பார்த்தால் வேரில் மிளகளவு முடிச்சுகள்: நூற்புழு. அந்தப் பாத்தியைக் காப்பாற்ற முயலவில்லை. செடிகளை வேரோடு எடுத்து எரித்துவிட்டு, வேர்முடிச்சு நூற்புழுவைக் குறைக்கும் தன்மையுள்ள செண்டுமல்லியை அங்கே நட்டோம். இரண்டு மாதத்தில் அது பூத்தது.

மொட்டு உதிர்வும் என் பிழையும்: 2023 ஜூலை, ஆகஸ்ட்

ஆடி முதல் வாரத்தில் மருமகள் தொலைபேசியில் அழைத்தார். மல்லிகை மொட்டுகள் பருக்கும் முன்பே செவந்து உதிர்வதாகச் சொல்லிப் படமும் அனுப்பினார். படத்தைப் பார்த்து, இது மொக்குப்புழு என்று முடிவு செய்து, வாரம் ஒருமுறை வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கச் சொன்னேன். மூன்று வாரம் தெளித்தும் உதிர்வு குறையவில்லை. நேரில் போகாமல், ஒரு மொட்டையும் பிரித்துப் பார்க்காமல் சொன்ன அந்த யோசனை, பூப்பருவத்தின் மூன்று வாரத்தை வீணாக்கியது.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் நேரில் சென்றேன். செடியில் நின்ற நிறம் மாறிய மொட்டுகளில் இருபதைப் பறித்து, வெள்ளைத் தாளின்மீது வைத்து, ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்தோம். மொக்குப்புழுவாக இருந்தால் மொட்டில் துளை இருக்கும், பல மொட்டுகளை நூலால் சேர்த்துப் பின்னியிருக்கும், உள்ளே கருந்தலையுடன் பச்சை நிறப் புழு இருக்கும். இருபதில் ஒன்றில்தான் துளை இருந்தது. மற்றவற்றில் துளையே இல்லை. அடிப்பாகம் சற்று வீங்கி, ஊதாவும் சிவப்பும் கலந்த நிறமேறியிருந்தது. இதழ்களை விலக்கினால், காம்பு சேரும் இடத்தில், அரிசி நொய்யைவிடச் சிறிய, வெண்மஞ்சள் நிறப் புழுக்கள் நாலைந்து நெளிந்தன. ஒன்று உடலை வில்லாக வளைத்துத் தாளிலிருந்து துள்ளி மேசைக்கு வெளியே விழுந்தது. மூதாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்து, "இத்தனூண்டு கிடந்துக்கிட்டா இந்தப் பாடு படுத்துது" என்றார். பதின்மூன்று மொட்டுகளில் இந்தப் புழுக்கள் இருந்தன.

இது மொட்டு ஈயின் புழு. ஈ இளம் மொட்டுக்குள் முட்டையிடுகிறது. புழு மூடிய மொட்டுக்குள் பாதுகாப்பாக உண்கிறது. முதிர்ந்ததும் துள்ளி விழுந்து ஈர மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிறது. ஆகவே இலைமேல் அடிக்கும் வேப்பெண்ணெய் அதைச் சென்றடைய வழியில்லை. (பிச்சி மொட்டின் வெளிப்புறம் இயல்பாகவே இளஞ்சிவப்பாக இருக்கும், குண்டுமல்லியின் மொட்டு அப்படிச் சிவந்தால் கவனிக்க வேண்டும். படத்தில் எனக்குத் தெரிந்த முதல் அடையாளமே அதுதான். நான்தான் அதைப் பொருட்படுத்தவில்லை.) செம்பருத்தியிலும் அரும்பு உதிர்வதாக மருமகள் சேர்த்துச் சொன்னார். அதன் மொட்டையும் பிரித்தோம். அதே போன்ற புழு. இந்த ஈ வெவ்வேறு குடும்பச் செடிகளின் மொட்டுகளிலும் வாழக்கூடியது என்பதால், மல்லிகையை மட்டும் சுத்தம் செய்தால் போதாது என்று தெரிந்தது.

மண்ணைப் பார்த்தேன். எல்லாப் புதருக்கடியிலும் உதிர்ந்த இலையும் மொட்டும் மூடாக்காகக் கிடந்தன. தினமும் விட்ட நீரால் அடிமண் சொதசொதவென்றிருந்தது. கோடையில் ஈரம் காக்க மூடாக்குப் போடச் சொன்னவன் நானே. வைகாசிக்கு ஏற்றதை ஆடி வரை விட்டுவைத்தது, கூட்டுப்புழுவுக்கு மெத்தை போட்டுக் கொடுத்தது போலாயிற்று.

ஊடுருவும் பூச்சிக்கொல்லி அடித்தால் உள்ளிருக்கும் புழு சாகும் என்ற யோசனையை மூதாட்டியின் மகன் முன்வைத்தார். வேண்டாம் என்று தீர்மானித்தோம். அந்தப் பூ நாள்தோறும் வெறுங்கையால் பறித்து, தொடுத்து, தலையில் சூடப்படுவது. செம்பருத்தி இதழை அந்த வீட்டில் எண்ணெய் காய்ச்சவும் பயன்படுத்துகிறார்கள். அதற்குப் பதிலாக நான்கு வேலைகள் முடிவாயின. மூடாக்கை முழுவதும் வாரி அப்புறப்படுத்துவது. நிறம் மாறிய மொட்டுகளையும் உதிர்ந்தவற்றையும் தினமும் பொறுக்கி, உரக்குழியில் போடாமல் கொதிநீரில் போடுவது. வாரம் ஒருமுறை மேல்மண்ணை இரண்டு அங்குலம் கிளறி வெயில் காட்டி, செடிக்கு இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்குத் தூவுவது. நீரை மூன்று நாளைக்கு ஒருமுறையாகக் குறைத்து, பாத்தி காய்ந்த பிறகே விடுவது. நான்கில் பொறுக்கும் வேலையை ஏற்றுக்கொண்டவர் பேத்தி. கல்லூரிக்குக் கிளம்பும் முன் கால் மணி நேரம்.

முதல் வாரத்தில் நாளொன்றுக்கு இரு கை நிறையப் பொறுக்கிய செவந்த மொட்டு, புரட்டாசி நடுவில் பத்துக்கும் கீழ் வந்தது. இதில் எவ்வளவு எங்கள் வேலையால், எவ்வளவு பருவம் முடிவதால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆவணிக்குப் பிறகு மல்லிகை இயல்பாகவே குறையும். மொட்டு குறைந்தால் ஈயும் குறையும்.

சாமந்தி, பவளமல்லி, டிசம்பர் பூ: 2023 ஐப்பசி, கார்த்திகை

ஆடிக் கடைசியிலேயே சாமந்தித் தொட்டிகளைப் பின்புறம் மாற்றியிருந்தோம். ஒன்றை மட்டும் முகப்பு விளக்கடியில் விட்டுவைப்போம் என்று மருமகள் சொன்னார்; மாணவர்களுக்குச் சோதனை செய்து காட்டும் பழக்கம் உள்ளவர். ஐப்பசியில் பின்புறத் தொட்டிகள் ஏழும் பூத்தன. தீபாவளிக்கு வாசலில் அவற்றைத்தான் வைத்தார்கள். விளக்கடியில் நின்ற ஒன்று இலையாகவே நின்றது. பூத்தபின் முகப்புக்குக் கொண்டுவருவதில் தடையில்லை என்பதால், இப்போது இருட்டில் வளர்த்து வெளிச்சத்தில் வைக்கிறார்கள்.

பவளமல்லியும் டிசம்பர் பூவும் எந்த உதவியும் இல்லாமல் அவற்றின் காலத்தில் பூத்தன. நீரைக் குறைத்தது டிசம்பர் பூவுக்கு நன்மை என்றே தோன்றுகிறது. முந்தைய ஆண்டைவிடக் கிளை குறைவு, பூ அதிகம்.

இரண்டாம் கவாத்து: 2023 நவம்பர் முதல் 2024 ஏப்ரல் வரை

கார்த்திகை பிறந்ததும் மூதாட்டியே என்னை அழைத்து, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார். நவம்பர் கடைசி வாரத்தில் ஏழு புதர்களும் வெட்டப்பட்டன. முதல் புதரில் கத்தரிக்கோலைப் பிடித்தவர் அவர்தான். கூடவே வடக்கு ஓரத்தில் நிழல் விழுத்திய முருங்கையின் இரண்டு கிளைகளையும் கழித்தோம்.

ஒரு புதர் பட்டுப்போனது. ஆறேழு ஆண்டுகள் வெட்டாத நான்கில் ஒன்று அது. வேர் ஏற்கெனவே பாதி அழுகியிருந்ததைத் தோண்டிப் பார்த்தபோது கண்டோம். தொடர்ந்து ஈரத்தில் நின்றதால் இருக்கலாம். அந்த இடத்தை ஒரு கோடை காயவிட்டு, பிறகு பதியன் நடுவதாக இருக்கிறார்கள்.

2024 சித்திரை முதல் வாரத்துக் கணக்கில் ஆறு புதர்களிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கரை முழம் கிடைத்தது. அதில் மூன்று முழத்துக்குக் குறையாமல் பழைய தெற்கு ஓரப் புதர்கள் மூன்றே கொடுத்தன. இளம் இலையின் மஞ்சள் பெரும்பாலும் நீங்கியிருந்தாலும், அன்னபேதி தெளிப்பை இரண்டு மாதம் விட்டபோது திரும்பி வந்தது. நீரின் தன்மை மாறாதவரை இதை நிறுத்த முடியாது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

கவாத்து செய்த புதரும் செய்யாத புதரும் அருகருகே நின்றதால் முதல் ஆண்டு ஒப்பீடு தெளிவாக இருப்பதுபோல் தோன்றியது. வெட்டிய மூன்றும் நல்ல வெயிலில் இருந்தவை, வெட்டாத நான்கில் இரண்டு முருங்கை நிழலில் இருந்தவை என்பதை அப்போதே நான் எழுதி வைத்திருக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் எல்லாவற்றையும் வெட்டிய பிறகும் தெற்கு ஓரமே அதிகம் பூத்ததைப் பார்த்தால், முதல் ஆண்டு வேறுபாட்டில் வெயிலுக்கும் கணிசமான பங்கு இருந்திருக்கிறது. கவாத்து பயன் தரவில்லை என்று இதற்குப் பொருளல்ல. நிழல் நீங்கிய இரண்டு மட்டுமன்றி, முன்பும் நிழலில் இல்லாமல் வெட்டப்படாமல் மட்டும் இருந்த ஒரு புதரும் முந்தைய ஆண்டைவிடத் தெளிவாக அதிகம் பூத்தது.

மொட்டு உதிர்வுக்கு இனி படம் பார்த்துப் பதில் சொல்வதில்லை. மொட்டைப் பிரித்துப் பார்த்துத் துளை உண்டா இல்லையா என்று சொன்னால்தான் அடுத்த பேச்சு. மூடாக்கை மல்லிகைக்கடியில் ஆனி பிறந்ததும் எடுத்துவிட வேண்டும் என்பதைக் கோடையில் போடச் சொல்லும்போதே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நீரையும் உரத்தையும் செடிவாரியாகப் பிரித்து ஒரு அட்டவணையை மருமகள் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைப் புண்ணாக்குக் கரைசல் நின்றுவிட்டது. காலை ஆறு மணிக் குழாய் மட்டும் நிற்கவில்லை. நீர் விட வேண்டாத நாட்களில் மூதாட்டி அதை வாழைக்குப் பிடிக்கிறார்.

பிச்சிக் கொடியைப் பற்றி இன்னும் முடிவாகவில்லை. அதற்குக் கவாத்துக் காலம் டிசம்பர் கடைசி வாரம். அந்த நேரத்தில் அதில் ஓரிரு பூ இருந்துகொண்டே இருப்பதால் மூதாட்டி தயங்குகிறார். 2024 டிசம்பரில் பாதிக் கொடியை மட்டும் வெட்டுவதாகப் பேசியிருக்கிறோம். எந்தப் பாதி என்பதை இந்த முறை யாரும் கைகாட்டாமல் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும் என்று மருமகள் சொல்லியிருக்கிறார்.